குமுளிக்கு இரண்டு சுரங்கம்

கம்பத்திலிருந்து குமுளிக்கு
ஜீப்பில் ஏறினால் முக்கால் மணி நேரம்.
கம்பி வழியே போகிறவன் பாடு வேறு:
சென்னை போய், மும்பை தொட்டு,
கொச்சியில் இறங்கி மலையேறி,
பதினோரு இடத்தில் முகம் காட்டி
நாற்பது மில்லி நொடியில் சேர்கிறான்.
லோயர் கேம்ப் தாண்டி வளைவுகளில்
வாந்தி எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பாகப்பிரிவினை முடிந்த மறுவாரம்
என்னைக் கூப்பிட்டார்கள். தனித்தனியாக.
மாடி ஜைத்தூன் பீவிக்கு,
கீழே தம்பி அபுதாகிருக்கு.
குமுளி ஏலக்காய்க் கிடங்கிலும்
நடுவில் செங்கல் சுவர், பூச்சு இன்னும் காயவில்லை.
ரூட்டர் மட்டும் ஊருக்கு ஒன்று.
அதை அறுக்க எந்த வக்கீலுக்கும் தெரியவில்லை.

இன்னொன்றும் பிரியாமல் கிடந்தது.
பழைய கணக்குக் கம்ப்யூட்டரை அப்படியே நகலெடுத்ததில்
இரண்டு பக்கமும் ஒரே ஐபி எண்கள்.
யாராவது ஒருத்தர் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன்.
"அவன் மாத்தட்டும்."
"அக்கா மாத்தட்டும்."

ஆகவே ஒரே பெட்டிக்குள்
இரண்டு வழிப்பட்டியல் எழுதினேன்.
ஒன்றின் பெயர் அக்கா, மற்றது தம்பி.
அதே எண் இரண்டிலும் இருக்கும்,
ஒன்றையொன்று அறியாது.
வெளிவாசலுக்கு மூன்றாவது பட்டியல்.
அதற்கு இருவரையுமே தெரியாது;
எதிர்வாசல் எங்கே என்பது மட்டும் தெரியும்.

எதிர்வாசலில் ஜிபின்.
மாடிப்படிக்கு அடியில் நின்று
சாவிச்சொல்லைப் போனில் சொன்னேன், ரகசியமாக:
ஏழு, சின்ன கே, சைபர், பெரிய டி...
கைகுலுக்கல் நடக்கவில்லை.
திரையில் வரிவரியாக மறுப்பு.
டீ ஆறி ஆடை கட்டியது.

அவன் ஊரில் அது பூஜ்யம்.
என் வாயில் சைபர்,
மதரஸாவில் ஸிஃப்ர் என்று ஓதிய அதே வெறுமை.
அவன் அடித்திருந்ததோ ஒரு ஓ.
"ரெண்டும் வட்டம்தானே சேட்டா?"
வட்டம்தான் ஜிபினே.
பூட்டுக்குக் கண் கிடையாது.

சுரங்கம் எழுந்தது. விளக்கு பச்சை.
கூப்பிட்டுப் பார்த்தேன்: பதில் இல்லை.
மறுபடி: இல்லை.
மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் உறைத்தது,
எந்தப் பட்டியலிலிருந்து என்று சொல்லாமலே
கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.
யார் வீட்டுக்காரன் என்று சொல்லாதவனுக்கு
இந்த ரூட்டரும் கதவு திறப்பதில்லை.

அக்காவிலிருந்து கூப்பிட்டேன்; குமுளி அக்கா பேசினாள்.
தம்பியிலிருந்து; தம்பி.

அப்புறமும் மூன்று நாள்
சின்னச் செய்தி போயிற்று, பெரிய பில் போகவில்லை.
ரகசியத்துக்கும் எடை உண்டு.
உறை போர்த்து, உறைமேல் உறை போர்த்து,
பருத்துப்போய் வழியில் எங்கோ சிக்கிக்கொண்டது.
ஆயிரத்து நானூறுக்கு மேல் கட்டாதே என்று
பொட்டலத்தைச் சிறிதாக்கினேன். சரியானது.

இப்போது இருவரும் கேட்கிறார்கள்,
பணம் எண்ணித் தரும்போது, குரலைத் தாழ்த்தி:
"அந்தப் பக்கம் என்ன வெல கேக்குறாங்க?"
தெரியாது என்றால் நம்புவதில்லை.
பார்க்க ஒரு கட்டளை உண்டு.
நான் அடித்ததில்லை.

எனக்குத் தெரிவது எண்ணிக்கை.
எத்தனை உறை போயிற்று, எத்தனை வந்தது.
ஏல நாளில், பதினொன்று பதினேழுக்கு,
எட்டு மில்லி குண்டுக்காய் ஏலத்துக்கு வரும்போது
தம்பியின் எண் துள்ளுகிறது.
அதே நொடியில் அக்காவின் எண்ணும்.
மாறி மாறி ஏறுகின்றன,
ஒன்று நின்றால் மற்றது விடுவதில்லை.
பிறகு இரண்டும் சேர்ந்தே அடங்குகின்றன.

வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் போல.